அடிநிறம்

டிக்கியின் உள்ளே துரு இல்லை.

காரின் மற்ற இடமெல்லாம் துருதான். மட்கார்ட்டின் ஓரங்கள் விரல் பட்டாலே உதிர்ந்தன. கதவுகளின் அடிப்பாகம் நனைந்த பிஸ்கட் போலப் பிய்ந்து வந்தது. சாரதி ஆசனத்துக்குக் கீழே சிரட்டை அளவு ஓட்டை விழுந்து, அதன் வழியே கொட்டிலின் சீமெந்துத் தரை தெரிந்தது. கிளிவெட்டிப் பக்கம், மூடிப்போன ஒரு நெல் ஆலையின் பின்னால், பாலை மரத்தடியில் மழையிலும் வெயிலிலும் வருடக்கணக்காக நின்ற பிறகு நஸ்ரி வாங்கிக் கொண்டுவந்த ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் அது. துருப்பிடிக்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம். ஆனால் திறப்புச் சாவி இல்லாததால் பூட்டியபடியே கிடந்த டிக்கிக்குப் புதுத் திறப்பு வெட்டுவித்து, அன்று பின்னேரம் நஸ்ரி அதை முதன்முறையாகத் தூக்கியபோது, மூடியின் உட்பக்கத் தகடு வெள்ளியாக மினுங்கியது.

கையை வைத்துத் தடவினான். கீறல்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, நெருக்கமாக, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கீறியதில் பெயின்ற் முழுவதும் போய் வெறுந்தகடு தெரிந்தது. வெறுந்தகடு இந்தக் கடற்கரை ஊரில் ஒரு கிழமைக்குள் சிவந்துவிடும். இது சிவக்கவில்லை. சற்று முன்னர்தான் யாரோ கீறிவிட்டுக் கையை எடுத்தது போல இருந்தது.

மணமும் சரியில்லை. பூஞ்சணமோ எலிப்புழுக்கையோ மணக்கும் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் குனிந்திருந்தான். வந்தது வியர்வை மணம். கதவு ஜன்னல் சாத்திய அறைக்குள் ஒரு ஆள் வெகுநேரம் இருந்துவிட்டு இப்போதுதான் எழும்பிப் போனான் என்றால் எப்படி மணக்குமோ, அப்படி.

"எலியாக்கும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டு மூடியைச் சாத்தினான். கூரைப்பக்கத் தகட்டை எலி எப்படிக் கீறும் என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

நஸ்ரிக்கு நாற்பத்தைந்து வயது. ஓர்ஸ் ஹில்லில் ஒரு அரச அலுவலகத்தில் வேலை. வீடு அங்கிருந்து உள்துறைமுகத்துக்கு இறங்கும் ஒழுங்கையில். மனைவி ஷிஃபானா, இரண்டு பெண் பிள்ளைகள். அலுவலகத்தில் அவனை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. பதவி உயர்வு இரண்டு முறை தாண்டிப் போயிற்று. ஆனால் பழைய கார் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் வேறு ஆள். கேம்பிரிட்ஜ் கொட்டிலுக்கு வந்த நாளிலிருந்து அவன் போடும் படங்களுக்குக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பதில் குவியும். சும்மா பழுதுபார்த்து நிறுத்துவதல்ல அவனுடைய திட்டம். ஜப்பான் சின்னக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய டேர்போ வாங்கி வைத்திருந்தான். நத்தை ஓடு மாதிரி ஒரு இரும்பு; எஞ்சின் கக்கும் புகையின் வேகத்தில் சுழன்று, அதே எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். அறுபது வருடத்துக் கிழட்டுக் கார் மேட்டில் புதுக் கார்களை விலத்திக்கொண்டு போக வேண்டும். நுவரெலியாவில் நடக்கவிருந்த பழைய கார் ஓட்டத்தில் எல்லாரும் தலையைத் திருப்ப வேண்டும். அவனுக்கு அது போதும்.

பக்கத்து வீட்டில் கனகம்மா தனியே இருந்தாள். அறுபதை எட்டும் வயது, தையல்காரி. அவனுடைய மூத்தவள் பிறந்த இரவில் ஷிஃபானாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது கனகம்மாதான். அவன் அன்று கொழும்பில் நின்றான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதலில் போவது அவளிடம். அவர்களுடைய வீட்டுத் திறப்பு ஒன்று அவளிடம் எப்போதும் இருக்கும். "கனகக்கா" என்றுதான் அவனும் ஷிஃபானாவும் கூப்பிடுவார்கள்.

கனகக்காவுக்கு ஒரு கதை உண்டு. ஒழுங்கையில் எல்லாருக்கும் அது மனப்பாடம். பிரச்சினைக் காலத்தில், கலியாணம் முடித்து இரண்டாம் வருடம், அவளுடைய புருசன் தனஞ்சயனை வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ரேடியோ திருத்துகிறவர். யார் கொண்டுபோனார்கள் என்பதை அவள் சொல்வதில்லை. காரை மட்டும் சொல்வாள். விசாரணைக்கு வந்தவர்களிடம் சொன்னாள், காணாமல் போனவர்களுக்கான கூட்டங்களில் சொன்னாள், மதிலுக்கு மேலால் நஸ்ரியிடமும் சொல்லியிருக்கிறாள், துணி காயப்போட்டுக்கொண்டே.

"பச்சைக் கார் தம்பி. வெற்றிலைப் பச்சை. பழைய மொடல், பின்னுக்கு மீன் வால் மாதிரி ரெண்டு பக்கமும் கூர். டிக்கிக்குள்ளதான் போட்டவங்கள். அவர்ட சேர்ட் பொக்கெற்றில சின்ன ஸ்குரூ ட்றைவர் ஒண்டு எப்பவும் கிடக்கும். சிவப்புப் பிடி. பிடி வெடிச்சுப் போச்சுதெண்டு செப்புக் கம்பி சுத்தி வைச்சிருந்தவர்."

அவள் அழுதுகொண்டு சொல்வதில்லை. சந்தைக்குப் போனவர் எப்போது வருவார் என்று விசாரிக்கிறவளின் குரல் அது. நஸ்ரியும் தலையாட்டுவான். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன ஒரு தலையாட்டல்.

கேம்பிரிட்ஜுக்கு வெளியே சாம்பல் நிறம். அடுத்த நாள் வேலையால் வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்பக்கக் கூர்முனையைச் சான்ட் பேப்பரால் உரசத் தொடங்கினான். சாம்பலுக்குக் கீழே கறுப்பு. கறுப்புக்குக் கீழே இன்னொரு சாம்பல். குழுவில் எல்லாரும் கேட்டிருந்தார்கள்: அடிநிறம் என்ன, முதல் நிறம் என்ன? முதல் நிறத்திலேயே திரும்ப அடித்த காருக்குத்தான் மதிப்பு. அவனும் ஆசையோடு உரசினான். தண்ணீர் ஊற்றி ஊற்றி உரசினான். வட்டமாக ஒரு இடம் தேய்ந்து, ஓரங்களில் வளையம் வளையமாக நிறங்கள் விரிந்து, நடுவில் அது வந்தது.

வெற்றிலைப் பச்சை.

சான்ட் பேப்பர் கையிலேயே இருந்தது. தண்ணீர் பச்சையாகக் கரைந்து முழங்கை வரை வழிந்தது. மதிலுக்கு அப்பால் கனகக்காவின் தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. நிற்கும், திரும்ப ஓடும், நிற்கும்.

பச்சைக் கார் உலகத்தில் ஒன்றுதானா என்று நினைத்தான். அந்த நினைப்பு அவனை டிக்கிவரை கொண்டுபோனது. திறந்தான். மாற்றுச் சில்லு வைக்கும் பள்ளத்துக்கு மேலே கிடந்த உளுத்த பலகையைத் தூக்கினான். பள்ளத்தின் மூலையில், தூசிக்குள், ஒரு சின்ன ஸ்குரூ ட்றைவர். சிவப்புப் பிடி. பிடியில் செப்புக் கம்பி, நெருக்கமாக, அழகாக, வேலை தெரிந்த கை சுற்றியது. முனை இல்லை. தேய்ந்து தேய்ந்து பிடியோடு ஒட்டிய ஒரு மொட்டையாக மிஞ்சியிருந்தது.

மேலே மூடியின் உட்பக்கம் மினுங்கியது.

அப்போதே அவன் மதிலடிக்குப் போயிருக்கலாம். "கனகக்கா" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். மெசின் நின்றிருக்கும். அவள் வந்திருப்பாள்.

ஆனால் அவனுடைய மனதில் முதலில் வந்தது பொலிஸ். காரைக் கொண்டுபோவார்கள். கோர்ட்டு, வாக்குமூலம், முத்திரை. ஏதோ ஒரு பொலிஸ் வளவில் திரும்பவும் மழையில் நிற்கும். நுவரெலியா இல்லை. டேர்போ இல்லை. பிறகுதான், அதை மூடிக்கட்ட வேறு காரணங்கள் வந்தன: பாவம் மனுசி, இத்தனை வருடத்துக்குப் பிறகு இதைக் காட்டி நோகடிப்பதா, அவள் நம்பிக்கையோடாவது இருக்கட்டுமே. நல்ல காரணங்கள். கருணையான காரணங்கள். எது முதலில் வந்தது என்று அவனுக்குத் தெரியும். காது மடல் இரண்டும் சுட்டன.

அன்று அஸர் தொழுகையைப் பிந்தித் தொழுதுவிட்டு உள்துறைமுகப் பக்கம் நடந்தான். படகுகள் கட்டியிருந்த இடத்துக்கு அப்பால், ஆள் இல்லாத ஒரு கல்லில் நின்று, பொக்கெற்றிலிருந்து ஸ்குரூ ட்றைவரை எடுத்து எறிந்தான். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. தண்ணீர் மூடிக்கொண்டது. திரும்பி வரும்போது கனகக்கா கேற்றடியில் நின்றாள்.

"எங்க தம்பி போயிட்டு வாறீங்கள்? முகம் வெளுத்துக் கிடக்கு."

"சும்மா. காத்து வாங்க."

"வெயிலுக்குள்ள நெடுக வேலை செய்யாதேங்கோ," என்றாள். "நில்லுங்கோ, தேசிக்காய்த் தண்ணி கரைச்சுத் தாறன்."

குடித்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்க, டம்ளரைக் காலி பண்ணும்வரை குடித்தான்.

அடுத்த நாளே சிவப்பு அடிப்பூச்சு வாங்கிவந்து கார் முழுவதும் அடித்தான். குழுவுக்குச் சொன்னான்: அடிநிறம் கறுப்பு. டிக்கி மூடியின் உட்பக்கத்துக்குப் பட்டி இழுத்து, தேய்த்து, இரண்டு பூச்சு அடித்தான். தகடு மறைந்தது. கொட்டில் முழுவதும் தின்னர் மணம். மார்கழி மழை தொடங்கி, கூரைத் தகரத்தில் விடாமல் இரைந்துகொண்டிருந்தது.

அந்த இரைச்சலுக்குள்தான் முதலில் கேட்டது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, டேர்போவுக்கு ஒயில் போகிற குழாயை இறுக்கிக்கொண்டிருந்தான். டொக். பிறகு ஒன்றுமில்லை. மழை. மழைக்குள் ஒழுகல். ஒழுகலுக்குள் தவளை. டொக், டொக். கால்மாட்டுப் பக்கம். எஞ்சின் சூடு ஆறும்போது இரும்பு அப்படித்தான் சத்தம் போடும் என்று அவனுக்குத் தெரியும். ஸ்பனரை இன்னொரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் அந்த எஞ்சின் இன்னும் ஒருமுறைகூட ஸ்ராட் ஆகவில்லை என்பது ஞாபகம் வந்தது.

கையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

அவன் நிறுத்தியதும் அதுவும் நின்றது. அவன் கேட்கிறான் என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் டிக்கியைத் திறந்தபோது பூச்சு கிழிந்திருந்தது. அதே இடம், அதே கீறல்கள், அதே வெள்ளித் தகடு. டிக்கியின் தரையில் பெயின்ற் சுருள் சுருளாக உதிர்ந்து கிடந்தது, வெட்டிப்போட்ட நகங்கள் போல. அவன் அவற்றைக் கூட்டி அள்ளினான். திரும்பப் பட்டி இழுத்தான். திரும்ப அடித்தான். திரும்பக் கிழிந்தது. பிறகு அடிப்பதை விட்டுவிட்டான், திறப்பதையும் விட்டுவிட்டான். திறப்பைக் கோர்வையில் போட்டுச் சாரத்தின் இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு திரிந்தான்.

வெட்கம் ஒரு நோய் மாதிரி உடம்பில் குடியேறியது. மதில் பக்கம் போவதை நிறுத்தினான். வேலைக்குப் போகும்போது கனகக்காவின் கேற்றைத் தாண்டக் கூடாதென்று ஒழுங்கையின் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போனான். அவள் நவராத்திரிக்குக் கொடுத்தனுப்பிய பாத்திரம் இன்னும் திருப்பிக் கொடுபடாமல் குசினியில் இருந்தது. நகக்கண்ணுக்குள் ஏறிய பச்சைத் தூள் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. மேசையில் மற்றவர்களுக்கு முன்னால் விரல்களை மடக்கியே வைத்திருந்தான்.

"என்ன, என்னோடயும் கதைக்கிறல்ல, புள்ளைகளோடயும் கதைக்கிறல்ல," என்றாள் ஷிஃபானா ஒரு நாள். "அந்தக் கார் வந்த நாள்ல இருந்து நீங்க ஆளே மாறிட்டீங்க."

"வேலை கூடிட்டு."

"கனகக்காவும் கேட்டா. தம்பிக்கு என்ட மேல ஏதும் கோவமோ எண்டு. எனக்கு வெக்கமாப் போயிட்டு. அதான் காருக்கு வாங்கின சீற் துணியை அவக்கிட்டயே குடுத்தன். ஆசையாத் தைச்சுத் தாறன் எண்டா."

அவன் நிமிர்ந்தான். "யாருக்கிட்டக் கேட்டுக் குடுத்த?"

"ஏன்? அவவை விட ஆர் இஞ்ச நல்லாத் தைக்கிற?"

அவன் விரல்களை மடக்கிக்கொண்டு கொட்டிலுக்கு எழும்பிப் போனான்.

அந்தக் கிழமை எஞ்சின் ஸ்ராட் ஆனது. முதலில் இருமியது, புகைத்தது, பிறகு பிடித்துக்கொண்டது. வேகத்தைக் கூட்டியதும் பொனட்டுக்குள் டேர்போ எழும்பியது. மெல்லிய சீழ்க்கை, பிறகு நீண்ட மூச்சு, பிறகு கொட்டிலின் தகரங்கள் அதிர்கிற ஊளை. குழுவில் போட்ட வீடியோவுக்குப் பதில்கள் வந்து விழுந்தன. அவன் ஒன்றையும் வாசிக்கவில்லை. அந்த ஊளை இருக்கும்வரை பின்பக்கத்திலிருந்து எதுவும் கேட்கவில்லை என்பது மட்டும்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் ஸ்ராட் பண்ணி, காலை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். காலை எடுத்தால் ஊளை இறங்கும். இறங்கி அடங்குகிற அந்தக் கடைசி மூச்சின் முடிவில், டொக், டொக்.

கனகக்கா தைத்த உறைகளோடு ஒரு ஞாயிறு காலை வந்தாள். அவன் மாட்டிக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தான். "நீங்கள் மாட்டினால் சுருங்கிப்போம் தம்பி," என்று சிரித்துக்கொண்டு அவளே பின்கதவைத் திறந்து ஏறினாள். முழங்காலில் நின்று, பின் ஆசனத்தின் சாய்மானத்தில் துணியை இழுத்து இழுத்துச் செருகினாள். நஸ்ரி வெளியே நின்றான். சாய்மானத்துக்கு அந்தப் பக்கம் டிக்கி. நடுவில் ஒரு தட்டிப் பலகை மட்டும்.

"முந்தி என்ன நிறம் இது?"

"கறுப்பு அக்கா." கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ம்."

அவள் துணியை இழுத்தாள். ஊசி குத்தினாள். பிறகு நின்றுவிட்டாள். உள்ளங்கை சாய்மானத்தில் பதிந்தபடி இருந்தது, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றி தொட்டுப் பார்க்கிறவளைப் போல. நஸ்ரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. தகரத்தில் அணில் ஓடியது மட்டும்தான். அவள் மெல்லக் குனிந்து காதை வைத்தாள்.

"கனகக்கா?"

"ஒண்டுமில்லைத் தம்பி." இறங்கினாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "டிக்கிக்குள்ளயும் விரிப்பு ஒண்டு வேணுமே. அளவெடுக்கட்டே?"

"அது... பூட்டுப் பழுது. திறக்க ஏலாது."

அவள் அவனைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை. பொய் சொல்லும் பிள்ளையை அது சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற பார்வை. அவன் நிலத்தைப் பார்த்தான். இப்போது சொல், இப்போது சொல் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போகும்வரை சொல்லிக்கொண்டே நின்றான்.

தெருவில் ஓட்டிப்பார்க்க அவன் தெரிந்தெடுத்தது அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம். மழை விட்டிருந்தது; வானம் மட்டும் தகர நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. காரைப் பின்னால் எடுத்து ஒழுங்கைக்கு இறக்கியபோது, கனகக்கா சேலை மாற்றி, தலை வாரி, கையில் மடித்த துணியோடு கேற்றடியில் நின்றாள். பக்கத்தில் ஷிஃபானா.

"சீற் தைச்சவவை முதல்ல ஏத்திட்டுப் போங்க," என்றாள் ஷிஃபானா. "நான்தான் வரச் சொன்ன."

"மழை வரும் போல..."

"ஒரு சுத்துத்தானே."

கனகக்கா முன்னால் ஏறவில்லை. பின்னால் ஏறினாள்.

உள்துறைமுக வீதியில் வாகனம் குறைவு. இடப்பக்கம் கறுத்த தண்ணீர், அசையாமல் நிற்கும் கப்பல்களின் விளக்குகள், உப்பும் டீசலும் கலந்த காற்று. நஸ்ரி காலை அழுத்தினான். டேர்போ எழும்பியது. கார் அவனை ஆசனத்தோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. இத்தனை மாதமும் இதற்காகத்தான். ஆனால் நெஞ்சில் சந்தோசம் ஒரு துளியும் ஊறவில்லை. கண்ணாடியில் பார்த்தான். அவள் பக்கவாட்டாகத் திரும்பி, கன்னத்தைச் சாய்மானத்தில் வைத்திருந்தாள். உதடுகள் அசைந்தன.

ஊளையை மீறி என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை. இன்னும் அழுத்தினான். அவள் ஒரு விரலை மடக்கிச் சாய்மானத்தில் தட்டினாள். காத்திருந்தாள். தலையசைத்தாள். திரும்பத் தட்டினாள்.

மழைத்துளி கண்ணாடியில் விழுந்தது. பிறகு இன்னொன்று.

"நிற்பாட்டுங்கோ தம்பி."

கேட்காதது போல ஓட்டினான்.

"நிற்பாட்டுங்கோ."

குரல் உயரவில்லை. அவனுடைய கால் தானாக எழும்பியது. ஊளை இறங்கி, மூச்சாகி, அடங்கியது. கடல் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். மழை கூரையில் விழும் சத்தம். அதற்குள், மிக அருகில், டொக். டொக். டொக்.

இருவருமே கேட்டார்கள்.

"டிக்கித் திறப்பைத் தாங்கோ."

"அக்கா, அது பழுது எண்டு..."

அவள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். ஊசி குத்திய புள்ளிகள் நிறைந்த விரல் நுனிகள். அவன் இடுப்பிலிருந்து எடுத்தான். கோர்வையிலிருந்து அந்த ஒரு திறப்பைக் கழற்றினான். கொடுத்தான். கொடுக்கும்போதும் முகத்தைத் திருப்பவில்லை. மன்னிச்சுக்கொள்ளுங்க என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

"விரிப்பு தைச்சுக்கொண்டு வந்தனான்," என்றாள் அவள், கதவைத் திறந்தபடி. "நீங்கள் அளவு தரேல்லை. ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு வெட்டினனான். முதுகு நோகாது."

இறங்கினாள்.

காலடிகள். பூட்டுக்குள் திறப்பு நுழையும் சத்தம். மூடி உயர்ந்து பின்கண்ணாடியை அடைத்தது. காருக்குள் இருட்டு. வியர்வை மணம் பலகையின் இடுக்கால் உள்ளே ஊர்ந்து வந்தது.

அவன் ஸ்ரேரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"நான்தான்," என்றாள் அவள் வெளியே. இளம்பெண்ணின் வெட்கம் அந்தக் குரலில். "முடி நரைச்சிட்டுது. அதுதான் மட்டுக்கட்ட ஏலாமக் கிடக்கு."

மழை.

"ஓம். ஓம், தெரியும். இஞ்ச பாருங்கோ, கொஞ்சம் தள்ளிப் படுங்கோ."

கார் பின்பக்கமாகத் தாழ்ந்தது. ஒரு ஆளின் பாரம். ஸ்பிரிங் வில்லுகள் முனகின. துணி உரசியது. பிறகு மூடி இறங்கத் தொடங்கியது, அவசரமில்லாமல். பின்கண்ணாடியில் மங்கிய வானம் தெரிந்தது, பிறகு வீதி. மூடிக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. மூடி உள்ளிருந்து சாத்திக்கொண்டது.

கிளிக்.

எவ்வளவு நேரம் இருந்தானோ. இறங்கினான். காரைச் சுற்றிப் பின்னால் வந்தான். ஈரத் தார் வீதியில், டிக்கிக்கு நேரே, கனகக்காவின் செருப்பு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக. வீட்டுக்குள் போகிறவர்கள் வாசலில் கழற்றி வைப்பது போல.

பூட்டில் திறப்பு.

தட்டுதல் நின்றிருந்தது. அவன் திறப்பில் கை வைத்தான். வலப்பக்கம் திருப்பினால் திறக்கும். திறந்தால் பார்க்க வேண்டும். திறந்தால் அவர்கள் பார்ப்பார்கள். அவனுடைய முகத்தை. அவனுடைய நகத்தை.

ஒரு பஸ் வெளிச்சத்தை வீசிக்கொண்டு கடந்தது. ஜன்னலோரம் யாரோ அவனைப் பார்த்தார்கள். கார் பழுதாகி நிற்கும் ஒரு ஆளைப் பார்ப்பது போல.

கை திரும்பியது. இடப்பக்கம்.

பூட்டு விழுந்தது. திறப்பு கையோடு வந்தது.

உள்ளே ஒரு அசைவு. பிறகு தகட்டுக்கு மிக அருகில், பயமில்லாமல், மதிலுக்கு மேலால் கூப்பிடுகிற அதே குரலில்,

"தம்பி?"

அவன் திறப்பைப் பொத்திப் பிடித்தான்.

"நஸ்ரித் தம்பி? பூட்டுப்பட்டுப் போச்சு போல. ஒருக்காத் திறவுங்கோவன்."

மழை அவனுடைய தலையில் விழுந்து, நெற்றியில் வழிந்து, வாய்க்குள் போனது. திறப்பு உள்ளங்கையில் இருந்தது. அவன் அசையவில்லை.

"தம்பி?"

அவளுக்குப் பக்கத்திலிருந்து, தொண்டை வறண்ட ஒரு ஆண்குரல், ஆறுதலாகச் சொன்னது:

"கூப்பிடாதை கனகம். ஒருத்தரும் திறக்கமாட்டினம்."